ஏழு பேர் ஏறினால் எழாத படகு: முதலில் புரொப்பெல்லரா, டிரிம் டேபா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டொரொண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காகப் பழைய 19 அடி பவ்ரைடர் (முன்பகுதியிலும் இருக்கை உள்ள) படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் யமஹா எஃப்150 அவுட்போர்ட் எஞ்சின், அதாவது படகுக்கு வெளியே பின்பலகையில் மாட்டும் எஞ்சின். அதில் மூன்று இறக்கை கொண்ட 19 பிட்ச் அலுமினியப் புரொப்பெல்லர் (பிட்ச் என்பது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரக் கணக்கு). தனியாக ஓட்டினால் குறை இல்லை: முழு த்ராட்டிலில், அதாவது வேகக் கைப்பிடியை முழுவதும் தள்ளினால், எஞ்சின் நிமிடத்துக்கு 5,300 சுற்று, படகு மணிக்கு 66 கிலோமீட்டர். குடும்பத்தோடு ஏழு பேர் ஏறினால் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கிறது, எதிரே வரும் படகு கண்ணுக்குத் தெரிவதில்லை, தண்ணீரின் மேல் எழுந்து ஓடவே வெகுநேரம் ஆகிறது. கடைசியில் 5,000 சுற்றும் 58 கிலோமீட்டரும்தான் கிடைக்கின்றன. கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் வாங்கச் சொல்கிறார். நண்பர் டிரிம் டேப், அதாவது பின்பலகையின் அடியில் மாட்டும் சாய்க்கும் தட்டுகள், போடச் சொல்கிறார். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் இருப்பவை இரண்டு கோளாறுகள். ஒன்று, எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்ட முடியாமல் திணறுகிறது. இது புரொப்பெல்லரின் வேலை. மற்றொன்று, படகு தண்ணீரில் உட்காரும் கோணம் சரியில்லை. இது எடைப் பகிர்வும் டிரிம் டேபும் சேர்ந்து செய்கிற வேலை. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பணம் போகும், குறை கொஞ்சம் மறையும், தீராது. ஒன்டாரியோவில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: முதலில் 17 பிட்ச் புரொப்பெல்லர், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதன்பிறகும் அணியம் அடங்கவில்லை என்றால் டிரிம் டேப். ஆனால் இரண்டுக்கும் முன்னால் செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன.

த்ராட்டில் கைப்பிடியில் பெருவிரல் படும் இடத்தில் எஞ்சினைச் சாய்க்கும் பொத்தான் இருக்கும். படகைப் புதிதாக வாங்கியவர்களில் பாதிப்பேர் அதைக் கரையேற்றும்போது மட்டுமே தொடுகிறார்கள். புறப்படும்போது எஞ்சின் முழுவதும் உள்ளே, அதாவது பின்பலகையை ஒட்டி இருக்கவேண்டும். அப்போது புரொப்பெல்லரின் தள்ளுவிசை படகின் பின்புறத்தைச் சற்றுத் தூக்கி அணியத்தைக் கீழே அழுத்தும். படகு எழுந்து ஓடத் தொடங்கியதும் சிறிது சிறிதாக வெளியே சாய்க்க வேண்டும். முந்தைய ஓட்டத்தில் வெளியே சாய்த்ததை மறந்து அப்படியே புறப்பட்டால், நீங்கள் விவரித்த காட்சி எந்தப் படகிலும் கிடைக்கும்.

அடுத்தது எடை. ஏழு பேரில் எத்தனை பேர் பின்னிருக்கையில் இருந்தார்கள், பனிக்கட்டிப் பெட்டி எங்கே இருந்தது, பெட்ரோல் தொட்டி எவ்வளவு நிறைந்திருந்தது? ஆளுக்கு 75 கிலோ என்றால் ஏழு பேர் 525 கிலோ. அதில் இருவரை முன்னிருக்கைக்கு மாற்றினாலே படகின் குணம் மாறும். உங்கள் படகு ஆறு மீட்டருக்கு உட்பட்டது என்பதால் கனடா போக்குவரத்துத் துறை கேட்கும் தகடு அதில் எங்காவது ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று அதில் எழுதியிருக்கும். ஏழு பேர் அந்த வரம்புக்குள் வருகிறார்களா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் இந்தப் பதிலின் மீதியைப் படிக்கவேண்டிய தேவையே இல்லை. பழைய படகுகளில் தரைக்கு அடியில் இருக்கும் நுரை தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போவதும் உண்டு. டிரெய்லரோடு எடை போட்டு, டிரெய்லரின் எடையைக் கழித்து, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கோடை முழுவதும் தண்ணீரிலேயே கட்டிவைத்திருந்தால் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். மெல்லிய பாசிப்படலம் கூட வேகத்தைத் தின்னும்.

இவையெல்லாம் சரி என்று வைத்துக்கொண்டு புரொப்பெல்லருக்கு வருவோம். பிட்ச் என்பது, நழுவாத ஒரு திடப்பொருளுக்குள் திருகினால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. 19 பிட்ச் என்றால் 19 அங்குலம். பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் அதிகத் தண்ணீரைத் தள்ளவேண்டும். அதனால் சுற்று குறையும். நிறைந்த பஸ்ஸை மலைப்பாதையில் நான்காவது கியரிலேயே ஏற்றுவது போன்றது உங்கள் இன்றைய நிலை. எஃப்150 எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் இருக்கவேண்டிய வரம்பு 5,000 முதல் 6,000 சுற்று வரை. ஏழு பேரோடு நீங்கள் அதன் கீழ் விளிம்பில் நிற்கிறீர்கள். வரம்புக்குள்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு வரம்பின் மேல்பாதியில் நிற்கும்படி புரொப்பெல்லரைத் தேர்வது நல்லது என்பதே இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். குறைந்த சுற்றில் முழு த்ராட்டிலை வைத்து அழுத்தினால் பிஸ்டன்களில் வெப்பமும் கரியும் சேரும். வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் தேய்வது தெரியாது.

ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். இது நம்பத்தக்க விதி, ஆனால் அண்ணளவானது. 19இலிருந்து 17க்கு இறங்கினால் 300 முதல் 400 வரை கூடலாம். ஏழு பேரோடு 5,300 அல்லது 5,400. தனியாக 5,600 அல்லது 5,700. இரண்டுமே வரம்புக்குள் வசதியாக நிற்கின்றன. இன்னும் இறங்கி 15 வாங்கலாமே என்றால், தனியாகப் போகும்போது 6,000ஐ ஒட்டியோ தாண்டியோ போய், சுற்றுக் கட்டுப்படுத்தி எஞ்சினை அடக்கத் தொடங்கக்கூடும். எப்போதும் ஏழு பேரோடும், பின்னால் இழுத்துச்செல்லும் ரப்பர் மிதவையோடும் மட்டுமே போகிறவருக்கு 15 பொருந்தலாம். உங்களுக்குப் பொருந்தாது.

கணக்குப் போட விரும்பினால் இதையும் செய்து பாருங்கள். எஃப்150இன் கியர் விகிதம் 2.00. எஞ்சின் 5,000 சுற்றினால் புரொப்பெல்லர் 2,500 சுற்றும். அதை 19 அங்குலத்தால் பெருக்கி, 60 நிமிடங்களால் பெருக்கி, கிலோமீட்டராக மாற்றினால் மணிக்கு 72.4 வருகிறது. உங்களுக்குக் கிடைத்தது 58. வித்தியாசம் 20 விழுக்காடு. இதைத்தான் நழுவல் என்கிறோம். தனியாக 5,300 சுற்றில் கணக்கு 76.7, கிடைத்தது 66. நழுவல் 14 விழுக்காடு. இந்த மாதிரிப் படகில் பத்திலிருந்து பதினைந்து வரை நழுவுவது இயல்பு, ஆகவே தனியாக ஓட்டும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழு பேரோடு 20 என்பது, அணியம் தூக்கிய நிலையில் படகு தண்ணீரை உழுதுகொண்டு போகிறது என்பதற்குச் சாட்சி. இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: பழைய முள் மானிகள் 100, 200 சுற்று தவறாகக் காட்டுவது சாதாரணம், தண்ணீர் அழுத்தத்தை வைத்து வேகம் காட்டும் மானியை நான் நம்புவதே இல்லை. வேகத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். காற்றோடு ஒருமுறையும் எதிர்க்காற்றில் ஒருமுறையும் ஓடிச் சராசரி பாருங்கள்.

17 போட்டால் உச்சவேகம் குறையுமா என்றால், தனியாகப் போகும்போது மூன்று நான்கு கிலோமீட்டர் குறையலாம். எஞ்சின் தன் திறன் கூடிய சுற்றுக்குப் போவதால் குறையாமலும் இருக்கலாம். ஏழு பேரோடு அநேகமாக இன்றைக்கு இருப்பதே இருக்கும், அல்லது சற்றுக் கூடும். எழுந்து ஓடும் நேரம் குறையும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைக்காரரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு வருகிறேன். அது நல்ல பொருள்தான். அலுமினியத்தைவிட வலிமை பல மடங்கு என்பதால் இறக்கையை மெல்லியதாக வார்க்கலாம், விளிம்பை வளைக்கலாம், சுமையில் அது நெளியாது. வேகமாக ஓடும் பெரிய எஞ்சின்களில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் அதே 19 பிட்ச்சில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மாட்டினால் உங்கள் எஞ்சினின் திணறல் அப்படியே இருக்கும். சில வடிவங்களில் இன்னும் கூடும். சுமார் மூன்று மடங்கு விலை கொடுத்துத் தவறான பிட்ச்சை நிரந்தரமாக்கிக்கொள்வதில் என்ன லாபம்? முதலில் அலுமினியத்தில் 17ஐப் போட்டுச் சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு மனம் இருந்தால் எஃகுக்கு மாறலாம். நீங்கள் ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியாக ஜோர்ஜியன் விரிகுடாவரை போகிறவர் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். அங்கே தண்ணீருக்கு அடியில் கிடப்பது கருங்கல். பாறையில் பட்டால் அலுமினிய இறக்கை வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். எஃகு இறக்கை எளிதில் வளையாது. அடியின் பெரும்பங்கு உள்ளே கியர்ப்பெட்டியை நோக்கிப் போகும். நடுவிலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குடம் வழுக்கிக்கொடுத்து அதைத் தடுக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. எல்லா அடியிலும் அது காப்பாற்றும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

நான்கு இறக்கைப் புரொப்பெல்லரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் படகுக்கு நான் விரும்பிப் பார்ப்பது அதைத்தான். இறக்கைப் பரப்பு கூடுவதால் பிடிப்பு கூடும். பின்புறம் சற்று உயரும். வேகம் குறைத்தாலும் படகு சட்டென்று அமிழாமல் எழுந்த நிலையிலேயே ஓடும். வளைவுகளிலும் பிடி நழுவாது. குழந்தைகளை மிதவையில் இழுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அதே பிட்ச்சில் மூன்று இறக்கையைவிட 50 முதல் 100 சுற்று குறையும் என்பதால் 16 அல்லது 17இல் பார்க்கவேண்டும். உச்சவேகத்தில் கொஞ்சம் இழப்பு இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சில படகுகளில் அப்படித்தான். கனமான சில படகுகளில் நழுவல் குறைந்து வேகம் கூடியதையும் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் எது நடக்கும் என்பதை ஓட்டித்தான் அறியமுடியும். மாறாக, இறக்கை பின்னோக்கி நிறையச் சாய்ந்த வடிவங்கள் அணியத்தைத் தூக்குவதற்காகவே செய்யப்பட்டவை. இலேசான வேகப்படகுகளுக்கு அவை அழகு. அணியம் வானம் பார்க்கும் படகுக்கு அவற்றை விற்கும் கடைக்காரரிடம் கொஞ்சம் விலகியே இருங்கள்.

வாங்குவதற்கு முன் எஞ்சின் எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். எஞ்சினை நேராக நிறுத்தினால் அந்தத் தட்டு படகின் அடிப்பகுதிக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருப்பது நல்ல தொடக்கம். மிகக் கீழே இருந்தால் இழுவை. மிக மேலே இருந்தால் வளைவில் புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சிச் சுற்று திடீரென்று எகிறும். வளையாமல் நேராக ஓடும்போதே சுற்று எகிறி வேகம் கூடாமல் இருந்தால் நடுக்குடம் வழுக்குகிறதா என்று சந்தேகப்படுங்கள். அப்படியானால் பிட்ச் பற்றிய இந்தப் பேச்செல்லாம் பிறகு.

இனி டிரிம் டேப். பின்பலகையின் அடியில் இடமும் வலமும் கீலில் தொங்கும் இரண்டு உலோகத் தட்டுகள். பொத்தானை அழுத்தினால் ஹைட்ராலிக் விசையோ மின் மோட்டாரோ அவற்றைக் கீழே சாய்க்கும். பாய்ந்து வரும் தண்ணீர் தட்டில் மோதிக் கீழே திரும்பும்போது பின்புறம் மேலே எழுகிறது, அணியம் இறங்குகிறது. அவை எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன் கூடக் கூட்டுவதில்லை. படகு தன் சொந்த அலைமேட்டை ஏறிக்கடக்கும் அந்தச் சிரமமான கட்டத்தில், அதாவது பெட்ரோல் அதிகம் எரியும் கட்டத்தில், ஏற்றத்தைக் குறைத்துக் கொடுக்கின்றன. படகு எழுந்தே ஓடக்கூடிய மிகக்குறைந்த வேகம் இன்னும் குறைகிறது. சிம்கோவில் வடமேற்குக் காற்று கிளம்பினால் எழும் குட்டையான, செங்குத்தான அலைகளில் 55இல் பாயமுடியாது. 30 கிலோமீட்டரிலும் அமிழாமல் ஓட முடிவது அப்போது பெரிய காரியம். அணியம் இறங்கியிருப்பதால் அதன் கூர்மையான பகுதி அலையை வெட்டும், முதுகெலும்பு பிழைக்கும். உச்சவேகத்துக்காக டேப் வாங்குவதில் பொருளில்லை. முழு வேகத்தில் அவை மேலே ஏற்றியே இருக்கவேண்டும், இறங்கியிருந்தால் இழுவைதான்.

அளவைப் பொறுத்தவரை, படகின் நீளம் எத்தனை அடியோ ஒவ்வொரு பக்கத்துக்கும் அத்தனை அங்குல அகலம் என்பது பழைய கைவிதி. உங்களுக்கு 19 வருகிறது. அவுட்போர்ட் நடுவில் நிற்கும் பின்பலகையில் அவ்வளவு இடம் இருக்காது. 12 அங்குலம் போலத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன், அளந்து பாருங்கள். தத்துவம் எளிது: தட்டின் தூக்குவிசை பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. மெதுவாக ஓடும்போது வேகம் கைகொடுக்காது, பரப்புதான் உதவவேண்டும். ஆகவே சிறிய தட்டைச் செங்குத்தாக இறக்குவதைவிடப் பெரிய தட்டைச் சற்றே சாய்ப்பது நல்லது, இழுவையும் குறைவு. எஞ்சினுக்கு மிக அருகில் மட்டும் பொருத்தவேண்டாம். தட்டு கலக்கிவிட்ட தண்ணீர் புரொப்பெல்லருக்குப் போய்ச்சேரும்.

இரண்டு தட்டும் தனித்தனியாக இயங்குவதில் இன்னொரு பயன் உண்டு. பருமனான மாமா ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் எழுந்து மாறச்சொல்லவேண்டியதில்லை. வி வடிவ அடிப்பகுதி கொண்ட படகுகள் பக்கக் காற்றில் காற்று வரும் பக்கமாகவே சாயும். காற்றை எதிர்த்துத் திருப்பிப் பிடிப்பதால் வருவது அது. அதையும் டேப் நிமிர்த்தும். பொத்தான்களில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது: பெரும்பாலான பலகைகளில் இடப்பக்கப் பொத்தான் அணியத்தின் இடப்பக்கத்தை இறக்கும், அதற்காக இறங்குவது வலப்பக்கத் தட்டு. கம்பியை மாற்றி இணைத்துவிட்டார்கள் என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள். தட்டை நினைக்காமல் அணியத்தை மட்டும் பார்த்து அழுத்தினால் கை தானாகப் பழகிவிடும்.

இதில் ஓர் ஆபத்தையும் அழுத்திச் சொல்லவேண்டும். அலை பின்னாலிருந்து தள்ளும்போது டேப் இறங்கியிருக்கக்கூடாது. அணியம் முன்னலைக்குள் புதைந்து அதுவே சுக்கானாகிவிடும். படகு பக்கவாட்டில் திரும்பிச் சரியலாம். அதிவேகத்தில் எஞ்சினை முழுவதும் உள்ளே சாய்த்து ஓட்டினாலும் இதே கதைதான். கரைக்குத் திரும்பும் வழியில் காற்று முதுகில் இருந்தால் இரண்டு தட்டையும் முழுவதும் ஏற்றிவிட்டு எஞ்சினைச் சற்று வெளியே சாய்த்து ஓட்டுங்கள்.

மலிவான மாற்றுவழிகளும் உண்டு. கியர்ப்பெட்டியின் தட்டில் திருகிப் பொருத்தும் பிளாஸ்டிக் துடுப்புகள் சிறிய படகுகளில் பின்புறத்தை ஓரளவு தூக்கத்தான் செய்கின்றன. இவற்றைப் பற்றி மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. என் பார்வையில், பல படகுகளில் அவை தவறான புரொப்பெல்லரை மூடிமறைக்கும் பூச்சு மட்டுமே. எஞ்சினின் தட்டில் துளை போடவும் எனக்கு மனம் வருவதில்லை. வாயுத்தண்டின் அழுத்தத்தால் தானாக ஏறி இறங்கும் தட்டுகளும் கிடைக்கின்றன. பொத்தானும் கம்பியும் வேண்டாதவருக்கு அவை போதும். ஆனால் நினைத்தபோது ஒருபக்கம் மட்டும் இறக்கமுடியாது. சுவீடனின் ஜிப்வேக் போன்ற நிறுவனங்கள் செய்யும், பின்பலகையில் நேர்கீழாக நீளும் மெல்லிய தகடுகள் வேகமாகவும் துல்லியமாகவும் வேலை செய்கின்றன. விலையைப் பார்த்தால் 19 அடிப் பழைய படகுக்கு அதிகம்.

படகை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறக்கவேண்டாம். அடிப்பகுதி பின்னால் குழிந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்பது என் கணிப்பைத் தலைகீழாக்கக்கூடும். ஐந்தாறு அடி நீளமுள்ள நேரான சட்டத்தைப் பின்பலகையிலிருந்து முன்னோக்கி வைத்துப் பாருங்கள். வெளிச்சம் புகும் இடைவெளி தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். புரொப்பெல்லர் விற்பவர்களில் சிலர், கீறல் விழாமல் திருப்பிக்கொடுத்தால் வேறு பிட்ச்சுக்கு மாற்றித் தருகிறார்கள். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றும்போது சாவியை எடுத்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். பழையதை உருவியதும் தண்டின் அடியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கியர் எண்ணெய்த் தடுப்பானை அது அறுத்திருக்கலாம். தண்டுப் பற்களில் கிரீஸ் தடவி, உந்து வளையத்தை வந்த வரிசையிலேயே வைத்து, நட்டை இறுக்கி, பிளவு ஊசியைப் புதிதாகப் போடுங்கள். கழற்றிய 19 பிட்ச்சை விற்றுவிடாதீர்கள். ஒரு ஸ்பேனர், ஒரு நட்டு, இரண்டு பிளவு ஊசி ஆகியவற்றோடு இருக்கைக்கு அடியில் கிடக்கட்டும்; பாறையில் ஒன்று போனாலும் மற்றொன்றை மாட்டி மெதுவாகக் கரை சேரலாம்.